ஃபிலிம் ஒட்டாத பக்கம்

ஷார்ஜாவில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்குள் பருத்தித் துணி உடுத்திக்கொண்டு போக முடியாது. புதுக் கார்களின் பெயிண்ட்டில் கீறல் விழாதபடி கண்ணுக்குத் தெரியாத ஃபிலிம் ஒட்டுவதும், அதன் மேல் செராமிக் கோட்டிங் பூசுவதும் எங்கள் தொழில். ஒட்டும்போது ஒரு நூலிழை அடியில் மாட்டிக்கொண்டாலும் வெயிலில் அது வெள்ளைப் புழுவைப் போலத் தெரியும். மொத்தத்தையும் உரித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஃபிலிப்பைன்ஸ்காரரான எங்கள் சூப்பர்வைசர் என் சட்டையை விரலால் கிள்ளிப் பார்த்து, "காட்டன்?" என்றார். துணியைப் பாராட்டுகிறார் என்று நினைத்து, "எஸ், காட்டன், திருப்பூர்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்காமல் வாசலைக் காட்டினார். உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்பும் ஊரில் பிறந்தவன், பதினோரு வருடமாக வழவழப்பான பாலியஸ்டர் உடையில்தான் வேலைக்குப் போகிறேன். ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

போன வருடம் அக்காவின் வீட்டுக்காரர் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். இரண்டே கதவு, கருநீல நிறம், தரையை ஒட்டிப் பதுங்கியதுபோல நிற்கும் வண்டி. மச்சான் ஒரு காலத்தில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். வாரம் ஆறு நாளும் நின்றுகொண்டே துணி வெட்டியவர். இப்போது முதலிபாளையத்தில் சொந்தமாகப் பனியன் யூனிட் வைத்திருக்கிறார். என் விசாவுக்கு அலைந்து திரிந்து என்னைப் பிளேன் ஏற்றிவிட்டதும் அவர்தான். லீவில் நான் வருவதாகச் சொன்னதும், வண்டிக்கு ஃபிலிம் ஒட்டும் வேலையை வெளியாளிடம் கொடுக்க மாட்டேன், நீங்களே வந்து ஒட்டுங்கள் என்றார். எனக்கும் அது பிடித்திருந்தது. அங்கே யார் யாருடைய கார்களையோ பளபளக்க வைத்தவன், நம் வீட்டு வண்டியை ஒரு முறை தொட்டுப் பார்க்கலாம் என்று கத்தி, நீரை வழித்துத் தள்ளும் ஸ்குவீஜி, பெயிண்ட்டின் கனத்தை அளக்கும் சின்னக் கருவி எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

யூனிட்டின் பின்பக்கம் காலியாக இருந்த ஒரு ஷெட்டை எனக்குக் கொடுத்தார்கள். ஷார்ஜாவில் எங்களுக்கு எதிரி மணல். திருப்பூரில் பஞ்சு. ஜன்னல்களைத் துணி போட்டு மூடி, தரை முழுக்கத் தண்ணீர் தெளித்தும் அது எங்கிருந்தோ மிதந்து வந்தது. வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டுக் கருவியை வைத்து அளந்தேன். கதவு, கூரை, பானட் எல்லாம் நூற்றுப் பத்து, நூற்று இருபது மைக்ரான் என்று புது வண்டிக்கு உரிய கணக்கில் இருந்தன. இடது பக்க முன் மட்கார்டில் வைத்ததும் முந்நூற்றுத் தொண்ணூறு காட்டியது. கருவி கெட்டுவிட்டதோ என்று வலது பக்கம் வைத்துப் பார்த்தேன். அங்கே சரியாக இருந்தது. இடது பக்கம் நசுங்கியதைப் பட்டி பூசி மட்டமாக்கி, மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

மச்சானிடம் கேட்டபோது, கம்பெனியிலிருந்து லாரியில் கொண்டுவரும்போது இடித்துவிட்டார்களாம் என்றார். சரி, எப்போது பெயிண்ட் அடித்தது என்று கேட்டேன். புதுப் பெயிண்ட் உள்ளே முழுதாகக் காய ஒரு மாதமாவது ஆகும். அதற்குள் ஃபிலிம் ஒட்டினால், பின்னால் உரிக்கும்போது பெயிண்ட்டும் சேர்ந்து வந்துவிடும். அதனால்தான் தேதி கேட்டேன், வேறு நினைப்பு எதுவும் இல்லை. முதலில் இரண்டு மாதம் என்றார். மத்தியானம், ஷோரூமில்தான் கேட்க வேண்டும் என்றார். மூன்றாம் முறை கேட்டபோது முகம் மாறிவிட்டது. "ஒட்டுங்க மாப்ள. உரிஞ்சா உரிஞ்சிட்டுப் போகுது" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் காலையில் அக்கா காப்பி கொண்டுவந்தாள். நான் பானட்டுக்கு ஃபிலிம் வெட்டிக்கொண்டிருந்தேன். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, அந்த மட்கார்டுக்கு எதிரே நின்றாள். ஷெட்டில் வேறு யாரும் இல்லை.

"நீ தேதி கேட்டியாமா கண்ணு. மூணு வாரம் ஆச்சு" என்றாள். "ரஞ்சன்னு நம்மகிட்ட அயர்ன் பண்ற பையன். வெள்ளன சைக்கிள்ல வந்திருக்கறான். இவிய திருப்பத்துல பாக்கல."

விடிகாலையில் ரோடு காலியாக இருக்கும் என்று மச்சான் புது வண்டியின் வேகத்தைப் பார்க்கப் போயிருக்கிறார். ரஞ்சன் ஒடிசாக்காரன், இருபத்தெட்டு வயது. பின்னாலிருந்து அடிபட்டதில் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்து நினைவு தப்பிவிட்டது. மச்சான் ஓடிப்போகவில்லை. அவனைத் தூக்கித் தன் பக்கத்து இருக்கையில் சாய்த்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே டாக்டரும் போலீஸும் கேட்டபோது, ரோட்டோரம் அடிபட்டுக் கிடந்தான், எடுத்து வந்தேன் என்று சொல்லிவிட்டார். வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். கண் விழித்த ரஞ்சன் பார்த்தது, பக்கத்தில் சட்டையெல்லாம் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்த முதலாளியை.

"தன்னைக் காப்பாத்துன சாமின்னு நெனைச்சிட்டிருக்கறான்" என்றாள் அக்கா. "எனக்கு அவன் மூஞ்சியப் பாக்க முடியறதில்ல."

அன்று சாயந்திரமே மச்சான் என்னைக் கூப்பிட்டார். யூனிட்டுக்குப் பின்னால் இருந்த அறையில் ரஞ்சனைத் தங்க வைத்திருந்தார். சாப்பாடு அக்கா வீட்டிலிருந்தே போயிற்று. வாரம் இரண்டு முறை பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பாராம். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லாததால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிடுவாராம். "உங்களுக்கு ஹிந்தி வருமில்லீங்க, அவன் என்னமோ சொல்லிட்டே இருக்கறான், என்னன்னு கேளுங்க" என்றார். அக்கா என்னிடம் சொல்லிவிட்டது அவருக்குத் தெரியாது.

என் ஹிந்தி ஷார்ஜாவில் ஒரே அறையில் இருந்த பெஷாவர்காரரிடமும் நேபாளியிடமும் கற்றது. ரஞ்சனுக்குச் சொந்த மொழி ஒடியா. அவன் ஹிந்தியும் வேலைக்குப் போன இடங்களில் பொறுக்கியதுதான். அதனால் எங்களுக்குள் நன்றாகவே புரிந்தது. அவன் படுத்தபடியே மச்சானைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு பேசினான். இடித்தவன் நிற்காமல் போய்விட்டான், முதலாளி வரவில்லையென்றால் அங்கேயே செத்திருப்பேன், ஊரில் அம்மா முதலாளிக்காகத் தினமும் விளக்கு வைக்கிறாள். இதை மூன்று வாரமாக அவன் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். நான் ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னேன். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "சீக்கிரம் நல்லாயிரும்னு சொல்லுங்க" என்றார். அதையும் சொன்னேன்.

ஷார்ஜாவுக்குப் போன முதல் வருடம் பிளேடு நழுவி என் கட்டைவிரல் நரம்பு அறுந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபோது கம்பெனி ஆள் ஒருவர் அரபியில் எழுதிய ஒரு தாளைக் கொண்டுவந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவர் மலையாளி. கொஞ்சம் தமிழும் தெரியும். "ஒன்றுமில்லை, எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்றார். இடது கையால் கிறுக்கிக் கொடுத்தேன். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். அடிபட்டதைவிட, நமக்கு நடந்தது என்னவென்று நமக்கே தெரியாமல் போவதுதான் வெகுகாலம் உறுத்தும்.

அறையை விட்டு வெளியே வந்ததும், அக்கா சொல்லிவிட்டாள் என்றேன். மச்சான் மறுக்கவில்லை. மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்து நின்றார். அவனுக்கு நீங்கள் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் சொல்ல வேண்டி வரும் என்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்க பதினஞ்சு நாள்ல பிளேன் ஏறிருவீங்க மாப்ள. நான் இங்கதான் இருக்கோணும். என்னை நம்பி நாப்பது குடும்பம் இருக்குதுங்க."

அவர் சொன்னது பொய் இல்லை. இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான் பானட்டையும் கூரையையும் ஒட்டி முடித்தேன். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. தண்ணீரைத் தெளித்து, ஃபிலிமை விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரை வழித்துத் தள்ளுவேன். வலது கதவையும் ஒட்டினேன். இடது மட்கார்டின் பக்கம் போகவில்லை.

மூன்றாம் நாள் காலை மச்சான் ஷெட்டுக்குள் வந்தார். வேட்டி நனைவதைப் பார்க்காமல் ஈரத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நான் இடது கதவை ஒட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மாப்ள, 'அது என்ற வண்டிதான்'ங்கறதை ஹிந்தில எப்படிச் சொல்றதுங்க?"

சொல்லிக் கொடுத்தேன். மேரீ காடீ தீ. கல்தீ மேரீ தீ. என் வண்டிதான், தப்பு என்னுடையதுதான். நான் கூட வந்து சொல்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். பரீட்சைக்குப் போகிற பிள்ளையைப் போல உதட்டை அசைத்துக்கொண்டே நடந்தார். நான் பின்னாலேயே போய்க் கதவுக்கு வெளியே நின்றேன்.

உள்ளே அவர் குரல் கேட்டது. ஆண்பால் பெண்பால் எல்லாம் குழம்பி, "மேரா காடி தா" என்று என்னமோ சொன்னார். ரஞ்சன் சிரித்தான். ஹிந்தி கற்றுக்கொண்டு வந்திருக்கிற முதலாளியைப் பார்த்த சந்தோஷச் சிரிப்பு. மச்சான் மறுபடி சொன்னார். மூன்றாவது முறை சொன்னபோது குரல் உடைந்தது. சிரிப்பு நின்றது. ரஞ்சன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

நான் உள்ளே போனேன். முதலாளி வார்த்தைகளை மாற்றிப் போட்டுப் பேசுகிறாரா, அவர் சொல்ல வருவது என்ன என்று கேட்டான். ஹிந்தி கொஞ்சம் தப்புதான், சொன்னது தப்பில்லை என்றேன்.

அவன் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மச்சானைப் பார்க்காமல் என்னிடம் ஒன்று கேட்டான். "அன்றைக்கு எனக்கு நினைவு தப்பாமல் இருந்து, வண்டியைப் பார்த்திருந்தால், என்னைத் தூக்கியிருப்பாரா?"

மச்சான் என் கையைப் பிடித்து, என்ன சொல்கிறான் என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. கால் வலிக்கிறதாம் என்றேன்.

உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று மச்சானை நெருக்கியவன் நான். என் வாய்க்கு ஒரு கேள்வி வந்தபோது நானே அதை விழுங்கிவிட்டேன். அவருக்காக விழுங்கினேனா, எனக்காகவா என்று தெரியவில்லை. மச்சான் இதைப் படிக்கிறவர் அல்ல. அக்கா படிப்பாள். படித்தால் அவரிடம் சொல்லட்டும்.

அடுத்த வாரம் மச்சான் வக்கீலோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் முன்பு சொன்னதை மாற்றி எழுதிக் கொடுத்தார். வழக்குப் பதிவானது. வண்டியைக் கொண்டுபோய் ஸ்டேஷன் வளாகத்தில் நிறுத்தினார்கள். செராமிக் கோட்டிங் போடவே இல்லை. பாதி உடம்புக்கு ஃபிலிமும் ஒரு பக்கம் வெறும் பெயிண்ட்டுமாக, துருப்பிடித்த மொபெட்டுகளுக்கு நடுவில் அது நின்றதை ஊரே வந்து பார்த்தது. பனியன் முதலாளிகள் சங்கக் கூட்டத்தில் மச்சானுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததாம். ரஞ்சனை அவன் அண்ணன் வந்து ரயிலில் கூட்டிப்போனார். போகும்போது அவன் மச்சானிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அக்காவின் காலைத் தொட்டான். அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

நான் கிளம்பிய அன்று மச்சான் கோயம்புத்தூர் ஏர்போர்ட் வரை வந்தார். வழியெல்லாம் மழையைப் பற்றியும் நூல் விலையைப் பற்றியும் பேசினார். என்மேல் கோபமில்லை என்று காட்டத்தான் அவ்வளவு பேசினார் என்று பின்னால் தோன்றியது. அக்கா வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். வழக்கு இன்னும் நடக்கிறது, மச்சான் சரியாகச் சாப்பிடுவதில்லை. பேச்சு முடிகிற இடத்தில், "வர்ற தீவாளி நோம்பிக்கு நம்மூட்டுக்கு வர வேண்டாம் கண்ணு. கொஞ்ச நாள் போகட்டும். உன்னைப் பாத்தா அவியளுக்கு எல்லாம் ஞாபகத்துக்கு வருது" என்றாள். எனக்கும் லீவு இல்லக்கா என்றேன்.

அன்றே சாயந்திரம் ஊரிலிருந்து ரஞ்சன் வீடியோ காலில் வந்தான். ஊன்றுகோல் இல்லாமல் முற்றத்தில் பத்தடி நடந்து காட்டினான். அவன் அம்மா குறுக்கே வந்து, எனக்குப் புரியாத ஒடியாவில், சிரித்துக்கொண்டே நிறையப் பேசினார். லீவு விட்டால் நேராகத் தங்கள் வீட்டுக்கு வரச் சொல்கிறாள் என்றான் ரஞ்சன். எனக்கென்று ஒரு கட்டில் போட்டு வைத்திருக்கிறார்களாம். போனைத் திருப்பி அதைக் காட்டினான். மண்சுவர் ஓரமாகக் கயிற்றுக் கட்டில், மேலே துவைத்து மடித்த போர்வை. நான் பார்த்தேயிராத ஊரில், என் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாத வீட்டில், அது எனக்காகக் கிடந்தது. லீவு இல்லை என்று அவனிடமும் சொன்னேன்.