மாட்டு டாக்டரம்மா படித்த ஊர்

மனுஷ டாக்டர் என்று நினைத்துக் கையை நீட்டியவர்களிடம், "மொதல்ல வாலைக் காட்டுங்க" என்று சொல்லியே பேர் வாங்கியவர் டாக்டரம்மா. கால்நடை ஆஸ்பத்திரியில் ஓர் இரும்பு மேசை, ஒழுகும் குழாய், இவற்றோடு முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டினார். தோள்வரை கையை விட்டுக் கன்று இழுத்தார். ஓர் எருமை உதைத்ததில் இடது முட்டி போனது. எருமை மேல் அவருக்குக் கோபமே இல்லை. கோபமெல்லாம் ஒரே ஒரு ஆள் மேல்தான்: அறுவைப் பாடத்தில் அவரை இரண்டு தடவை கவிழ்த்த பேராசிரியர். மாணவர்கள் வைத்த பெயர் 'சிவப்பு மை'.

டாக்டரம்மா ஓய்வு பெற்ற கையோடு கணவர் ஆரம்பித்துவிட்டார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் காலேஜ் கதைகளைக் கேட்டுக் கேட்டு, அங்கே படிக்காமலே பட்டம் வாங்கியவர்.

"ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரலாமே."

"படிச்ச ஊரைப் போய்ப் பார்க்கறது, பிடுங்கின பல்லைப் போய்ப் பார்க்கற மாதிரிங்க."

ஆனாலும் போனார்கள். பல்கலைக்கழக வாசலில் நிறுவனர் சிலை அப்படியே இருந்தது. காக்கைகளும் தங்கள் கடமையில் ஒரு குறையும் வைக்கவில்லை. விடுதியில் அவர் இருந்த அறையில் உடைந்த கட்டில்களை அடுக்கியிருந்தார்கள். "நாங்க இருக்கும்போதும் இதே கட்டில்தான். அப்பவே உடைஞ்சிருந்துச்சு" என்றார் டாக்டரம்மா. வந்த வேலை முடிந்தது, பஸ் ஏறலாம் என்று திரும்பினார்.

கண்ணாடிக்காரர் விடவில்லை. காவலாளியிடம் விசாரித்து, சிவப்பு மை இன்னும் பின்தெருவில்தான் குடியிருக்கிறார் என்று கண்டுபிடித்துவிட்டார். டாக்டரம்மா வாயில் வார்த்தைகள் தயாராக இருந்தன; இத்தனை வருஷமாகச் சாணை பிடித்தவை.

கதவைத் திறந்தது, சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டிய அளவுக்கு வற்றிப்போன ஒரு கிழவர். "யாரு? ஞாபகம் இல்லையே" என்றார். திட்டுவதற்கு ஆளே இல்லாமல் போனது டாக்டரம்மாவுக்குத் திக்கென்றிருந்தது.

அதற்குள் ஒரு நாய் தலையை ஒருபக்கமாய்ச் சாய்த்து, காதை உதறி உதறி வந்தது.

"ரெண்டு நாளா இப்படித்தான். எனக்குக் கண்ணும் மங்கிப்போச்சு, கையும் நடுங்குது" என்றார் கிழவர்.

டாக்டரம்மா தரையில் உட்கார்ந்தார். முட்டி மளுக்கென்றது. கணவர் செல்போன் வெளிச்சம் பிடித்தார். காதுக்குள், கைக்கெட்டும் ஆழத்திலேயே ஒரு புல்முள் குத்திக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் சின்ன இடுக்கியை நீட்டினார்.

"பிடி தப்பு! தாடையை உள்ளங்கையில வாங்கு!" என்று கத்தினார் கிழவர். குரல் மட்டும் வற்றவில்லை.

டாக்டரம்மா நிமிரவே இல்லை. "இப்படித்தான் சார் இத்தனை வருஷமாப் பிடிக்கறேன். ஒரு மாடும் மேல எழுதிப் போடல."

முள் வந்துவிட்டது. நாய் ஒரு உதறு உதறி, மூன்று பேர் முகத்திலும் காது நீரைத் தெளித்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டே கிழவர் கேட்டார். "நான் உன்னை பெயில் ஆக்கினேனா?"

"ரெண்டு தடவை."

"மூணாவது தடவை?"

"பாஸ் போட்டீங்க."

"அங்கதான் அசந்துட்டேன்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. எழுந்திருக்கவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. கிழவரும் பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தார். சாணை பிடித்த வார்த்தைகள் போன இடம் தெரியவில்லை. இரண்டு பேராகச் சேர்ந்துதான் டாக்டரம்மாவைத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

தெருமுனை வந்ததும் கண்ணாடிக்காரர் மெல்லக் கேட்டார், "அடுத்த வருஷமும் வரலாமா?"

"நாய்க்கு இன்னொரு காது இருக்குல்ல, பார்ப்போம்" என்று நொண்டிக்கொண்டே பஸ்ஸுக்குக் கை காட்டினார் டாக்டரம்மா.