ஷமீமின் துப்பட்டாவில் விழுந்த கோடு

அன்று வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். தறியில் அப்பா, தார்க்குச்சியில் இழை சுற்றிக்கொண்டு அம்மா, சும்மா எட்டிப்பார்க்க வந்த சித்தப்பா. நான் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை.

கிளம்புமுன் ஷமீமின் துப்பட்டாவை மடித்து மேசைமேல் வைத்தேன். புது நோட்டுத் தாள் மாதிரி சரசரவென்றது... பால்வெள்ளை. உள்ளே கையை விட்டால் விரல்களை வெளியே எண்ணலாம். இப்போது எல்லோரும் ஆர்கன்ஸா என்கிறோமே, அதுதான். அன்று பெயர் தெரியாது, கண்ணாடித் துணி என்போம்.

பள்ளித்தோழி ஷமீமின் நிச்சயத்துக்காக அவள் மாமா பெங்களூரில் வாங்கியது. ஓரத்தில் ஜரிகை தைத்துத் தரச் சொல்லி என்னை நம்பிக் கொடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நிச்சயம்.

நான் தெருமுனை தாண்டியதுமே அண்ணன் தம்பிக்குள் வழக்கு ஆரம்பித்துவிட்டதாம். அம்மா பிறகு சொன்னது.

“இன்னாண்ணா இது, நைலானா?”

“கைல புடிச்சா தெரில? பட்டுடா.”

“பட்டு எங்கண்ணா இப்டி வெறச்சிக்கினு நிக்கும்? உனக்குக் கண்ணு பூடுச்சி.”

எங்கள் வீட்டில் இந்த வழக்குக்கு ஒரே தீர்ப்புதான். ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்ப்பது. உருகி உருண்டையானால் நைலான். முடி கருகும் வாடை வந்து சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. நாங்கள் நெய்கிற சேலையில் ஓர் இழை போனால் யாருக்குத் தெரியும்?

வெட்டிய முனையில், ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி நீட்டிக்கொண்டிருந்த இழையைச் சித்தப்பா பிடித்து இழுத்தார். வந்தது... வந்துகொண்டே இருந்தது. ஒரு முழம் வந்துதான் அறுந்தது.

நான் குங்குமத்தோடு உள்ளே வந்தால் இருவரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

“பட்டுதாம்மா! அசல் பட்டு! உங்க சித்தப்பன் தோத்துட்டான்,” என்றார் அப்பா.

துணியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு.

அப்பா ஊசியில் பட்டு இழை கோத்து அந்த இடத்தை அடைக்கப் பார்த்தார். அந்தத் துணியில் எங்கள் இழை கயிறாகத் தெரிந்தது. “இன்னும் அசிங்கமாதான் ஆவுது, உடுங்க!” என்று அம்மா பிடுங்கிக்கொண்டாள்.

ஒருநாள் முழுக்கச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஓர ஜரிகை போக, அந்தக் கோட்டின் மேலேயும் ஒரு முழ ஜரிகையை வைத்துத் தைத்தேன். ஒன்று மட்டும் இருந்தால் ஏன் என்று கேட்பார்களே... மறு ஓரத்திலும், மறு முனையிலும் அதேபோல. மொத்தம் நான்கு.

ஷமீம் விரித்துப் பார்த்தாள். “அய்யோ, நான் கேக்கவே இல்லயேடி! எப்டிடி தோணுச்சு உனக்கு?”

“சும்மா... தோணுச்சு.”

அவள் அம்மா என் தலையில் கைவைத்து, “நல்லா இருப்பேம்மா” என்று துஆ செய்தார். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை என்னால்.

இன்று காந்தி ரோட்டில் கடைப் பொம்மைகளுக்கெல்லாம் ஆர்கன்ஸாதான் உடுத்தியிருக்கிறார்கள். யாரும் கொளுத்திப் பார்ப்பதில்லை, லேபிளைப் படித்து நம்பிவிடுகிறார்கள். என் மகளே நாலைந்து வைத்திருக்கிறாள். அவள் எதைக் கட்டினாலும் நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். “இன்னாமா தேடுற?” என்பாள். சொன்னதில்லை.

நேற்று ஷமீம் இந்த வாட்ஸப் குரூப்பில் எழுதியதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மகளின் நிக்காஹ்வுக்கு அதே துப்பட்டாவாம். ஜரிகை கறுத்துவிட்டதாம். பிரித்துப் புதிதாக வைக்க ஆம்பூரில் ஒரு டெய்லரிடம் கொடுக்கப்போகிறாளாம். ஆளாளுக்கு இதயம் போட்டிருக்கிறீர்கள்.

ஷமீம், ஜரிகையைப் பிரித்தால் அடியில் கோடு தெரியும். டெய்லர் கெடுத்துவிட்டார் என்று நினைப்பாய். உன் கோபம் எனக்குத் தெரியும். அந்த மனிதர் எத்தனை சத்தியம் செய்தாலும் நம்பமாட்டாய்.

அவர்மேல் தப்பில்லை. கோடு எங்கள் வீட்டில் விழுந்தது. எனக்கு எதுவும் தோன்றவில்லை, மறைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமையே அம்மனிடம் சொல்லி அழுதுவிட்டேன். உன்னிடம்தான் இருபத்தாறு வருஷமாகச் சொல்லவில்லை.

போனில் சொல்லலாம் என்று காலையிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. அதனால்தான் எல்லோர் முன்னாலும் எழுதிவிட்டேன்.

துப்பட்டாவை டெய்லரிடம் கொடுத்துவிட்டாயா, வீட்டில்தான் இருக்கிறதா? பார்த்ததும் பதில் போடு.