ஹுல்டா ஓடைக்கு நான் வைத்த பெயர்

குடித்திருந்தாயா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு சொட்டுகூட இல்லை. இது எனக்கு நடந்தது. அயோவாவில், எங்கள் ஊர்ப் பாலத்தில்.

எங்கள் சோளக்காட்டு வடிகால் குழாயில் பிறந்து, இரண்டரை மைல் வளைந்து வளைந்து ஓடி, ஆற்றில் கலக்கிற சின்ன ஓடை அது. கோடையில் கணுக்கால்கூட நனையாது. அரசாங்க வரைபடத்தில் வெறும் நீலக் கோடு. ஊர்க்காரர்கள் மட்டும் ஹுல்டா ஓடை என்பார்கள். யார் அந்த ஹுல்டா என்று ஒருவருக்கும் தெரியாது.

1987இல் என் அப்பா ஐவர் ட்வைட் இறந்தார். ஓடைக்கு அவர் பெயரை வைக்க எனக்கு ஆசை. அதற்கான அரசாங்க விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: 'உள்ளூரில் வேறு பெயர் வழங்குகிறதா?'

'இல்லை' என்று எழுதினேன். கை கூசவில்லை. அதுதான் இன்றுவரை என்னை அரிக்கிறது.

"ஏம்ப்பா ஆர்லென், ஹுல்டா ஓடைன்னு சொல்லித்தானே நீயே வளர்ந்த?" என்று கேட்டாள் பக்கத்துப் பண்ணை மார்லிஸ். சர்ச் பதிவேடுகள் அவள் பொறுப்பு.

"வரைபடத்துல இல்லையே."

"உங்கப்பா பேரு சர்ச் மணியில இருக்கு, பள்ளிக்கூட மைதானத்துல இருக்கு. இன்னும் தண்ணி ஒண்ணுதான் பாக்கியா?"

சிரித்து மழுப்பினேன்.

அடுத்த ஆண்டு அனுமதி வந்தது. நவம்பர் 9, மாலை 4:20. பாலத்தோரம் கம்பம் நட்டு, பெயர்ப் பலகையை அதில் நானே ஆணியடித்துப் பொருத்திக்கொண்டிருந்தேன்.

டொக்... டொக்...

பாலத்தடியில் எதிரொலித்தது. சரிதான். ஆனால் நான் இரண்டு அடித்தால் கீழே மூன்று கேட்டது.

சுத்தியலை நிறுத்தினேன்.

டொக்... டொக்... டொக்...

எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது... சத்தமே இல்லாமல்.

4:26. கீழேயிருந்து ஓர் இளம்பெண் குரல்.

"என் பேரு?"

"யாரு... யாரது?"

"என் பேரு?"

இப்போது என் முதுகுக்குப் பின்னால்.

திரும்பினேன்.

பலகையில் ஈரச் சேறு. அப்பாவின் பெயருக்கு இருபுறமும் இரண்டு கைத்தடங்கள்... குழந்தையைத் தூக்கப் பிடிப்பதுபோல.

ஓடினேன்.

மறுநாள் காலை மார்லிஸிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், விண்ணப்பத்தில் எழுதிய பொய் உட்பட. அவள் கிண்டல் செய்யவில்லை. சர்ச் அலமாரியின் அடித்தட்டிலிருந்து, நார்வேயிலிருந்து குடியேறிய எங்கள் ஊர் முன்னோர் தங்கள் மொழியில் எழுதிய பழைய பதிவேட்டை எடுத்து, எழுத்துக்கூட்டி வாசித்துச் சொன்னாள்.

"1911, ஏப்ரல். வெள்ளம். ட்வைட் பண்ணை வேலைக்காரப் பொண்ணு ஹுல்டா, வயசு பத்தொன்பது. உடம்பு கிடைக்கலை. கல்லறை இல்லாததால, அவ பேரை இந்த ஓடைக்கு வைக்கிறோம்."

அவளுக்கு இருந்த ஒரே கல்லறையைத்தான் நான் 'இல்லை' என்று எழுதி அழித்திருக்கிறேன்.

"இன்னும் ஒரு வரி இருக்குப்பா," என்றாள் மார்லிஸ். அதை அவள் வாசிக்கவில்லை. பதிவேட்டை என் பக்கம் திருப்பி, விரலை மட்டும் வைத்துக் காட்டினாள். சிறுவயதில் வீட்டில் கேட்ட நார்வே மொழி அந்த வரிக்குப் போதுமாயிருந்தது.

அவள் தண்ணீரிலிருந்து கரையேற்றிவிட்ட குழந்தை: ஐவர் ட்வைட், வயது இரண்டு.