பந்தல் நிழல்

2011இல் பாரிஸின் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் நான் வேலை செய்யும் பலசரக்குக் கடைக்குப் பின்னால், ஒரு பொதுத் தோட்டத்தில் எனக்குத் துண்டு நிலம் கிடைத்தது. நாலு பாய் விரிக்கலாம், அவ்வளவுதான். தோட்ட விஷயத்தில் எனக்குச் சொல்லித்தர இந்தப் பாரிஸில் ஆளில்லை என்ற நினைப்பு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஜூனில் தடி நட்டு, கயிறு கட்டி, தலைக்கு மேலே பந்தல் போட்டுப் புடலங்கொடியை ஏற்றினேன். ஆகஸ்ட் முடிவில், வளையாமல் நீளக் கல் கட்டிவிட்ட காய்கள் வரிசையாகத் தொங்கின. பிரெஞ்சுப் பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

வடக்குப் பக்கத்துத் துண்டு ஒரு பாண்டிச்சேரிப் பெரியவருடையது. தபால் வேலையில் ஓய்வு பெற்றவர். வைத்தது தக்காளி மட்டும். அக்டோபர் முதல் ஞாயிறு லியோனிலிருந்து மகள் வருகிறாள், அவளுக்குத் தன் கையால் வளர்த்த பழம் கொடுக்க வேண்டும் என்று காண்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். செப்டம்பர் பாதியாகியும் காய்கள் பச்சைப் பசேல் என்று நின்றன.

“ஐயா, உங்கடை தக்காளி டிசம்பரிலை நத்தாருக்குத்தான் பழுக்கும் போல கிடக்கு. தண்ணியைக் குறைச்சுச் சாம்பல் போடுங்கோ” என்றேன்.

“சரிங்க மதாம்” என்றார். மறுநாளே சாம்பலும் போட்டார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம்தான் என் கண்ணில் பட்டது. ஊரில் வெயில் உச்சியில் நிற்கும். பந்தலின் நிழல் பந்தலுக்குக் கீழேயே கிடக்கும். அந்தப் பழக்கத்திலேயே கட்டிவிட்டேன். இங்கே சூரியன் தெற்கே சரிய, நிழல் முழுக்க அவருடைய தக்காளியில் விழுந்திருந்தது. சீ, வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த மனிசனைச் சாம்பல் வேறு போடச் சொன்னேனே! விதைக்கு விட்ட காயையும் பார்க்காமல் அன்றைக்கே பந்தலைப் பிரித்துப் போட்டேன்.

மகள் வந்த ஞாயிறு மூன்றே மூன்று பழங்கள் சிவந்திருந்தன. இரண்டை அவளுக்கு வைத்துவிட்டு ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். நிழல்தான் காரணம் என்று ஆகஸ்டிலேயே தெரியுமாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“பின்னை ஏன் ஐயா ஒரு வார்த்தை சொல்லேல்லை?”

“உங்க ஊர்ல போர் முடிஞ்ச அந்த மே மாசத்துலேருந்து கடையில உங்களப் பாக்குறேன் மதாம். முகத்துல சிரிப்பே இல்ல. பந்தல் கட்டுன அன்னிக்குப் பாடிக்கிட்டே கட்டினீங்க. அதப் போய் எப்படிப் பிரிக்கச் சொல்றது?”

அந்தப் போரின் கடைசி நாள்களில் காணாமல் போன என் தம்பியைப் பற்றி ஒரு செய்தியும் வராமல் இரண்டு வருடம் போயிருந்தது. நான் பாடினேன் என்பதே எனக்குத் தெரியாது. அங்கேயே நின்று அந்தத் தக்காளியைக் கடித்தேன். அழுகையும் கூடவே வந்தது.