மூலையில் இரண்டு முடிச்சு

ஹோட்டலின் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் முடிச்சு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். ஒன்பது வருடமாகப் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிறாள். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மேற்பார்வையாளரம்மா ஊசியும் நூலுமாக உட்கார்ந்து, ஒற்றைக் கட்டில் விரிப்பின் மூலையில் ஒரு முடிச்சும், இரட்டைக் கட்டில் விரிப்பில் இரண்டு முடிச்சும் போட்டுக் கொடுத்தாள். அன்று முதல் அக்காவின் கை தவறியதே இல்லை. மகள் நர்சிங் படிப்பதே அந்தக் கையை நம்பித்தான்.

புதிதாக வந்த மேனேஜரின் கண்ணை அந்த முடிச்சுகள் உறுத்தின. மேற்பார்வையாளரம்மாவைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது, கிழிசலைத் தைச்ச மாதிரி? எல்லாத்தையும் வெட்டி எடுங்க."

"சார், அது அக்காவுக்கு அடையாளம்."

"ஒரு வாரம் பாப்போம். தப்பு வந்தா வேற ஆளைப் போட்டுக்கலாம்."

அக்காவின் காதுபடவே சொன்னார். ஆனாலும் அவள் அழவில்லை. அழுதால் விரிப்பு நனையும், மறுபடி அவளேதான் காயப்போட வேண்டும்!

முடிச்சுகளை வெட்டி எடுத்த மறுநாள் முதல் ஒவ்வொரு விரிப்பையும் நெஞ்சோடு சேர்த்து, இரு கைகளையும் அகல விரித்து அளந்தாள். கைக்குள் அடங்கினால் ஒற்றை, மிஞ்சினால் இரட்டை. சாயங்காலம் தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது.

நான்காம் நாள் மேனேஜர் புயலாக உள்ளே வந்தார். ஏழு அறைகளில் இரட்டைக் கட்டிலுக்கு ஒற்றை விரிப்பு போயிருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல?"

மேற்பார்வையாளரம்மா அசரவில்லை. "மடிச்சவங்க பேரு ஒவ்வொரு கட்டுலயும் சீட்டா இருக்கு சார், பாருங்க. அக்கா கட்டுல ஒரு தப்பு இல்ல. எல்லாம் மத்த மூணு மேஜைக்காரங்க பண்ணது."

"அவங்களுக்குத்தான் கண்ணு நல்லா தெரியுதே!"

பக்கத்து மேஜைகளில் நின்ற அந்த மூவரும் தலையைச் சொறிந்தார்கள். ஒருவன் முனகினான்: "நாங்க எங்க சார் கண்ணால பாத்தோம்? இத்தனை வருஷமா நாங்களும் முடிச்சைத் தடவித்தான் அடுக்குனோம். கதை பேசிட்டே பண்ணலாம்ல."

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அடப் பாவிங்களா! என் கண்ணை மூணு பேரும் இரவல் வாங்கிட்டு, ஒருத்தனும் வாயே திறக்கலையேடா!"

மறுநாள் காலை மேனேஜரே நூல்கண்டுப் பெட்டியுடன் அவள் மேஜைக்கு வந்து தயங்கி நின்றார்.

"அக்கா... எந்தக் கலர் நூல்ல போடலாம்?"

"எனக்கு எந்தக் கலரா இருந்தா என்ன சார்? உங்க கண்ணை உறுத்தாததா பாத்து எடுங்க. அப்படியே துண்டுக்கும் சேத்து எடுத்துடுங்க."