கேத்திலுக்கு நேரே ஒரு சிலுவை

என் மனிசன் நிற்காத எலெக்சன் இல்லை. ஒவ்வொரு முறையும் சுயேச்சை, ஒவ்வொரு முறையும் கேத்தில் சின்னம், ஒவ்வொரு முறையும் தோல்வி.

எங்கள் வீட்டுக் கேத்திலையே சைக்கிளில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு எங்கள் ஊர் கீரியிலிருந்து முசலி வரை போவார். அது போகிற வழியெல்லாம் கிணுகிணுக்கும். எனக்குத் தேத்தண்ணி வைக்கச் சட்டிதான் மிச்சம். எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் பொழுதுபட்டால் காது அவர் சைக்கிள் வரும் ஒழுங்கைப் பக்கமே கிடக்கும்.

வெல்ல வேண்டும் என்றுகூட அவருக்கில்லை. சொந்தக் கீரிச் சனம் ஒருமுறையாவது வரிசையில் நின்று தனக்குப் போட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. முசலி முஸ்லிம் சனம் இரக்கப்பட்டுக் கொஞ்சம் போட்டது. எங்கள் சனம்தான் போடவில்லை.

எல்லாம் அவருடைய வாயால் வந்த வினை. வாக்குச்சீட்டில் போடும் பெருக்கல் குறிக்கு ஊரெல்லாம் புள்ளடி என்றுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் பிழைக்குப் போடுவதும் புள்ளடிதானே, என் பெயருக்கு நேரே பிழை போடச் சொல்வதா என்று இவருக்கு ரோசம். வேதக்காரச் சனத்துக்குப் பிடிக்கும் என்று நினைத்து, கேத்திலுக்கு நேரே ஒரு சிலுவை போடுங்கோ என்று கேட்டுத் திரிந்தார்.

பக்கத்து வீட்டு அக்கா கோயில் வாசலில் வைத்து முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"உயிரோட இருக்கிற மனிசனுக்கு ஆரும் சிலுவை போடுவினமோ? எங்கட கையால அதைச் செய்யமாட்டம், தம்பி."

புள்ளடி என்றே கேளுங்கோ என்று நானும் தலைப்பாடாய் அடித்தேன். கேட்டால்தானே.

ஒரு மாரியில் காய்ச்சல் வந்தது. போய்விட்டார்.

பெட்டி மூடுமுன் நெற்றியில் சிலுவை போடக் கீரிச் சனம் வந்தது. வரிசை வாசல் படலை தாண்டி, ஒழுங்கை தாண்டி நின்றது. அக்காதான் முதலில் பெருவிரலால் போட்டார்.

"இனிப் போடலாம்தானே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகுதான் அழுகை வந்தது. இஞ்சாருங்கோ, எழும்பிப் பாருங்கோ, எல்லாரும் வரிசையில நிக்கினம் என்று சத்தம் போட்டு அழுதேன்.

இப்போது கேத்தில் முழுநேரமும் என் அடுப்பில்தான். ஒழுங்கையில் சைக்கிள் போனால் இன்னும் கையிலிருப்பதை வைத்துவிட்டுக் காது கொடுக்கிறேன். அந்தக் கிணுகிணுப்பு ஒருதரம் கேட்டால் போதும், சீவியம் முழுக்கச் சட்டியிலேயே தேத்தண்ணி வைத்துக் குடித்துவிடுவேன்.