சாயம் போடாத பைகள்

போன வியாழக்கிழமை காலை, குடியாத்தத்தில் ஒரு தறிக்கூடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

எதிரில் பர்வீன் மேடம். ஆம்பூரில் ஏற்றுமதிக்கு ஷூ தயாரிக்கும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்ப்பவர். அவர் இடது கையில் ஒரு துணிப்பை, வலது கையில் ஒரு துணிப்பை. இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

என் நண்பன் குமரேசனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. பின்னே? இடது கைப் பை மழை மேக நிறம். வலது கைப் பை பால் கம்மியாக ஊற்றிய டீ நிறம்!

கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். குமரேசன் என்னோடு கல்லூரியில் படித்தவன். பரம்பரையாக லுங்கி நெய்கிற குடும்பம். எட்டு விசைத்தறி. லுங்கி ஆர்டர் குறைந்ததில் நாலு தறி நின்றுபோய், அதன்மேல் கோழி உட்கார ஆரம்பித்துவிட்டது. பழைய இரும்பு வாங்குகிறவர் இரண்டு தடவை வந்து, மீதி நாலையும் சேர்த்தே பார்த்துவிட்டுப் போனார்.

அந்த நேரத்தில்தான் குமரேசனின் மனைவி தேவகிக்கு ஒரு யோசனை வந்தது. தறியில் விழுகிற நூல் கழிவு, வெட்டி எறிகிற லுங்கித் துண்டு… இதெல்லாம் மெஷின் துடைக்கத்தான் போகும். தேவகி அக்கம்பக்கத்துத் தறிகளிலும் கேட்டு வாங்கி, தூசு தட்டிச் சேர்த்து, சேலம் பக்கம் ஒரு மில்லுக்கு அனுப்பினார். அங்கே அதை மறுபடி பஞ்சாக்கித் தடிமனான நூலாக நூற்றுக் கொடுத்தார்கள். அந்த நூலில் நெய்த துணியில் ஒரு பை தைத்து, ஆம்பூருக்கு எடுத்துப் போனார். ஷூவை டப்பாவில் வைப்பதற்கு முன்னால் போட்டு வைக்கிற பை. சாம்பிள் ஓகே. ஆர்டரும் வந்துவிட்டது!

ஆனால் ஒரு பேஜாரு. சாம்பிளுக்குச் சேர்ந்த கழிவில் நீலக் கட்டம் ஜாஸ்தி. ஆர்டருக்குச் சேர்ந்த கழிவில் சிவப்புக் கட்டமும் பச்சைக் கட்டமும் ஜாஸ்தி. நூல் வந்து இறங்கியது… நெய்து பார்த்தால், டீ!

குமரேசன் எனக்குப் போன் செய்தான். “இன்னாப்பா பண்றது? கலர் மாறிப் போச்சு. ரிஜக்ட் பண்ணிட்டா தறிய வித்துட்டு வாட்ச்மேன் வேலைக்குத்தான் போவணும்.”

அட்வைஸ் கேட்டால் எனக்குத்தான் சர்க்கரைப் பொங்கல் ஆயிற்றே! ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “இதுக்கா கலங்குற? துணிய சாயப்பட்டறைக்கு அனுப்பு. சாம்பிள் கலர்ல முக்கி எடுத்துடு. யாருக்குத் தெரியப் போவுது?”

பாலாற்றங்கரையில் வளர்ந்தவன் நான். சாயத் தண்ணீரும் தோல் பதனிடுகிற தண்ணீரும் அந்த ஆற்றை என்ன செய்தன என்று மேடை போட்டுப் பேசியிருக்கிறேன். அந்த வாய்தான் இதையும் சொன்னது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் குமரேசன் மறுபடி கூப்பிட்டான். சாயப்பட்டறைப் பெரியவர் தவறிவிட்டாராம். ஒரு வாரம் லீவாம். தேவகி போய் விசாரித்துவிட்டு வந்து சொன்னாராம். வேறு பட்டறை தேட நாள் இல்லாமல் டீ நிறத்திலேயே பைகளைத் தைத்து முடித்தார்கள். செக்கிங் அன்றைக்குத் தைரியத்துக்கு ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டான். தைரியத்துக்கு என்னை!

சரி, தறிக்கூடத்துக்கு வருவோம். பர்வீன் மேடம் தன் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்தார். டீ நிறப் பையின்மேல் வைத்து அழுத்தித் தேய்த்தார். விரித்துப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

“சாயம் ஏதாவது போட்டீங்களா?” என்றார்.

“ஒரு சொட்டு கூட இல்ல மேடம்,” என்றார் தேவகி.

“அப்போ சரி. பாஸ்.”

குமரேசனுக்கு நம்பிக்கை வரவில்லை. “மேடம்… கலரு சாம்பிள் மாதிரி இல்லியே?”

“எப்படிங்க இருக்கும்? வேஸ்ட் மாறுனா கலர் மாறத்தானே செய்யும்? ஒரே கலரா இருந்தாதான் எனக்கு டவுட்டு வரும். முன்னாடி ஒருத்தர் அழகா மேட்ச் பண்ணிக் கொண்டாந்தாரு. கப்பல்ல ஈரம் பட்டு வெள்ளை ஷூ பூரா சாயம் ஏறிப் போச்சு. அதோட அவரு கணக்கு குளோஸ். சாயம் போடக் கூடாதுன்னு ஆர்டர்ல மூணாவது பக்கத்துலயே போட்டிருக்கமே, படிக்கலியா?”

குமரேசன் மெதுவாக என் பக்கம் திரும்பினான். அந்த இங்கிலீஷ் ஆர்டரைப் படித்து, ‘எல்லாம் கரெக்டா இருக்குப்பா’ என்று சொன்னது யார்? அடியேன்தான். இரண்டு பக்கம் படித்தேன். மூன்றாவது பக்கம் வருவதற்குள் காபி வந்துவிட்டது.

மேடம் கிளம்பியதும் குமரேசன் அப்படியே நூல் மூட்டைமேல் உட்கார்ந்து, சத்தம் போட்டுச் சிரித்தான். கண்ணில் தண்ணீர். எனக்கும் அப்போதுதான் மூச்சே வந்தது. இத்தனை நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது போல அப்படி ஒரு நிம்மதி.

“நல்ல நேரம் பாத்து அந்தப் பெரியவர் போய்ட்டாரும்மா. பாவம், எப்படித் தவறினாரு?” என்று தேவகியிடம் கேட்டேன்.

“யாரும் தவறலண்ணா. அவரு நல்லா கீறாரு. நேத்து கூட மார்க்கெட்ல பாத்தேன்.”

“பின்னே?”

“சாம்பிள் குடுக்கப் போனப்பவே அந்த மேடம் மேல சாயம் போட்டதான்னு என்னைத்தான் கேட்டாங்க. இல்லன்னு நான்தான் சொன்னேன். அப்புறம் போட்டுட்டு எப்படி அவங்க மூஞ்சில முழிக்கிறது? போனா போவட்டும்னு துணிஞ்சிட்டேன். உங்க கிட்ட சொல்லியிருந்தா ரெண்டு பேரும் பேசிப் பேசியே என்னை மடக்கியிருப்பீங்க.”

ஆர்டர் போனாலும் சரி என்று முடிவெடுத்துவிட்டு, அத்தனை நாள் அதை யாரிடமும் சொல்லாமல் பை தைத்துக்கொண்டிருந்திருக்கிறார்! நானாக இருந்தால் முதல் நாளே நாலு பேரிடம் புலம்பியிருப்பேன்.

நம் புத்தியே இப்படித்தான். பழசிலிருந்து செய்தது வேண்டும் என்கிறோம். ஆனால் அது புதுசு மாதிரி பளபளவென்று, ஒன்றைப்போல இன்னொன்று இருக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறோம். எப்படி இருக்கும்?

நான் கிளம்பும்போது, நின்றுபோன தறியில் ஒன்றைக் குமரேசன் துடைத்துக்கொண்டிருந்தான். கோழி வெளியே.

‘நீங்க எழுதினபடியே செஞ்சேன் சார்’ என்று என் கட்டுரைகளைப் படிக்கிறவர்கள் யாராவது அவ்வப்போது சொல்வதுண்டு. முன்பெல்லாம் கேட்கப் பெருமையாக இருக்கும். இப்போது, ‘எதைச் செஞ்சீங்க?’ என்று பதறிப்போய்க் கேட்கிறேன்.

தயவுசெய்து படியுங்கள்… அதோடு விட்டுவிடுங்கள்!